எதிரி: சாவிக்காரர்

காலையில் அப்பா எந்த வக்கீலாக எழுந்திருக்கிறார் என்பது, அவர் முதலில் என்ன கேட்கிறார் என்பதிலேயே தெரிந்துவிடும்.

"போலீஸ் கட்டு வந்துச்சா?" என்று கேட்டால் அரசு வக்கீல். பன்னிரண்டு வருஷம் அந்த வேலையில் இருந்தார். அந்த மாதிரி நாட்களில் டீயைக்கூட நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரை டொக்கென்று வைப்பார். பழைய பத்திரம் படிக்கப் பூதக்கண்ணாடியைத் தேடினால் நிலத் தகராறு வக்கீல். அது அவருடைய ஆரம்ப காலம், நான் பிறப்பதற்கு முன்னால். ஒன்றுமே கேட்காமல் வாசலுக்குப் போய், எங்கள் கேட்டிலிருந்து தெருவிளக்குக் கம்பம் வரைக்கும் அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டு போனால் விபத்து வக்கீல். லாரி எங்கே நின்றது, சைக்கிள் எங்கே விழுந்தது என்று அளந்து அளந்தே ஏழு வருஷம் போனது. இதெல்லாம் இல்லாமல், மூக்குக்குள்ளேயே ஏதோ ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டு பேப்பர் படித்தால் எனக்கு மூச்சு வரும். அதுதான் இப்போதைய வக்கீல். திருட்டு, அடிதடி என்று மாட்டிக்கொண்டவர்களுக்காகக் கோர்ட்டில் நிற்கிறவர்.

அம்மா அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "இன்னைக்கு எந்த வக்கீல் எழுந்திருச்சிருக்கார்?" என்று மெதுவாகக் கேட்பாள். நான் விரலைக் காட்டுவேன். நாலு விரல் என்றால் நல்ல நாள்.

முதலில் இது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத் தேடுகிற மறதிதான் என்று நினைத்தோம். அப்புறம் அம்மா அவரை வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அப்பாவுக்கு என்ன தொழில் என்று அவரிடம் சொல்லவே இல்லை. ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னாராம். அப்பா பென்சிலைத் தொடவில்லை. "எத்தனை மணின்னு நீங்க இதுவரைக்கும் சொல்லவே இல்லை என்று சொன்னால் சரிதானே டாக்டர்?" என்றிருக்கிறார். டாக்டர் சிரித்தே விட்டாராம். ஆனால் அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினார். அம்மா திரும்பி வந்து, அன்றைக்கு முழுவதும் பீரோவில் இருந்த துணிகளை எடுத்து எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

'என்று சொன்னால் சரிதானே' என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்யும்போது அப்படித்தான் கேட்பார்களாம். சாட்சி ஒன்று சரி என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் சரியல்ல என்று சொல்ல வேண்டும். ஜட்ஜ் அதை அப்படியே டைப் அடிக்கச் சொல்வார். சாப்பாட்டு மேஜை ஓரம், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு நாற்காலி கிடக்கும். அதற்குப் பெயர் கூண்டு. எனக்கு ஆறு வயதிருக்கும்போது கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டேன். அப்பா என்னைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். பால் டம்ளர் கையில் இருந்தபடியே விசாரணை நடந்தது. மூன்றாவது கேள்வியிலேயே ஒப்புக்கொண்டேன். எப்படிக் கண்டுபிடித்தார் என்று அப்புறம் அவரே சொன்னார். பொய் சொல்ல வருகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கவே மாட்டாராம், காலைத்தான் பார்ப்பாராம். "மூஞ்சியப் பழக்கிக்கிட்டு வந்திருப்பாங்க. கட்டைவிரலை யாரும் பழக்கறதில்ல. வாய் தொறக்கறதுக்கு முன்னாடியே அது மடங்கிடும்."

அன்றிலிருந்து ஒரே ஒரு விதி. வேறு எங்கே வேண்டுமானாலும் பொய் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்ளலாம். கூண்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாது. நானும் சொன்னதில்லை. அம்மாகூடச் சொன்னதில்லை. புடவை வாங்கிவிட்டு மறைக்க வேண்டியிருந்தால் அந்த நாற்காலிப் பக்கமே போகமாட்டாள்.

அப்பா வேலையை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றும். ஆனால் அவர் கோர்ட்டில் எழுந்து நின்றால் பார்க்க வேண்டும். வீட்டில் பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யோசிக்கிற மனுஷன், அங்கே கவுனைத் தோளில் சரித்துக்கொண்டு எழுந்தால் சட்டம் தடையில்லாமல் கொட்டும். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். அவருக்குத் தெரியாமல் போவது ஒன்றே ஒன்றுதான், தான் இன்றைக்கு யார் பக்கம் என்பது. அதை மட்டும் யாராவது சொல்லிவிட்டால் போதும். கவுனைக் கழற்றினால் ஒரே மாதத்தில் முழுசாக முங்கிவிடுவார் என்று அம்மா பயந்தாள். டாக்டரும் அப்படித்தான் ஏதோ சொல்லியிருந்தார்.

அதனால் சீட்டு எழுத ஆரம்பித்தோம். எழுதுவது நான்.

ஜூனியர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகத் தனியாகப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது குமாஸ்தா மாமா மட்டும்தான். இருபத்தாறு வருஷமாக அப்பாவிடம் இருக்கிறார். வெயிலானாலும் மழையானாலும் அக்குளில் ஒரு குடையை வைத்துக்கொண்டே நடப்பார், விரித்து நான் பார்த்ததில்லை. அவர் முந்தின நாள் சாயந்திரம் கேஸ் கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு விஷயத்தைச் சொல்வார். நான் ஒரு வெள்ளைச் சீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதி, கட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுவேன். 'நம்ம ஆள்: லாரி டிரைவர். பிரேக் பிடிக்கலைன்னு சொல்றார்.' இவ்வளவுதான். அப்பா கோர்ட்டில் கட்டைப் பிரிப்பார், சீட்டைப் பார்ப்பார், எழுந்து நிற்பார். இரண்டு வருஷம் ஒரு தப்பும் வரவில்லை. எனக்கு இப்போது பதினேழு வயது. எனக்கே அந்தச் சீட்டில் கொஞ்சம் கர்வம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாவிக்காரர் எங்களிடம் வந்தது போன மழைக்காலத்தில். பஸ் நிலையத்துக்கு எதிரே பெட்டி போட்டு டூப்ளிகேட் சாவி செய்கிறவர். ஒல்லியாக, விரல் நுனியெல்லாம் அரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோய் இருப்பார். ஒரு மாடி வீட்டில் பூட்டு உடையாமல் நகை போயிருக்கிறது. பத்து நாளைக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் பூட்டு ரிப்பேர் பார்த்துக் கொடுத்தது இவர். போலீஸுக்கு அதற்குமேல் தேடத் தோன்றவில்லை. திருட்டு நடந்த அன்று ராத்திரி இவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டது அவர் சம்சாரம். அதைச் சொல்ல அந்த அக்காவை விட்டால் வேறு ஆளில்லை.

ஜாமீனில் வந்த பிறகு ஒருவரும் அவரிடம் பூட்டைக் கொடுக்கவில்லை. மார்க்கெட்டில் கூடை தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் எங்கள் ஆபீஸ் அறையில் காத்துக்கொண்டிருந்தபோது அலமாரி திறக்காமல் குமாஸ்தா மாமா மல்லுக்கட்டினார். சாவிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். திறந்து கொடுங்களேன் என்று நான் கேட்டதற்கு, "வேண்டாம் பாப்பா, இப்ப நான் ஒரு பூட்டைத் தொட்டா அந்தப் பூட்டே எனக்கு எதிரா சாட்சி சொல்ல வந்துடும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் அவரே பொறுக்கமாட்டாமல், சாவியைக் கொஞ்சம் மேலே தூக்கி இடது பக்கம் திருப்பச் சொல்லி வாயாலேயே திறந்து கொடுத்தார்.

அந்த அக்கா ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். விடிகாலை நாலு மணிக்கு மாவு பிசையப் போக வேண்டும். கோர்ட்டுக்கு வந்தே பழக்கமில்லை. என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா அன்றைக்கு நல்ல வக்கீலாக இருந்தார். அந்த அக்காவைத் தைரியப்படுத்தினார்.

"இங்க பாரும்மா, ரொம்பச் சுலபம். நான் கேக்கறதுக்கெல்லாம் சரின்னு சொல்லு. எனக்கப்புறம் அரசு வக்கீல் எழுந்திருப்பார், அவர் கேக்கறதுக்கெல்லாம் சரியல்லன்னு சொல்லு. வேற ஒண்ணும் மண்டையில ஏத்திக்காத."

அந்த அக்கா அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார். ஐயாவுக்குச் சரி, அவருக்குச் சரியல்ல. ஐயாவுக்குச் சரி, அவருக்குச் சரியல்ல.

சாட்சி நாளுக்கு முந்தின சாயந்திரம் நான் வழக்கம்போல 'நம்ம ஆள்: சாவிக்காரர்' என்று எழுதி ஒட்டினேன். குமாஸ்தா மாமா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். போன வாரம் பக்கத்து பெஞ்சு வக்கீல் அந்தச் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தானாம்.

"நம்ம ஆளு, உங்க ஆளுன்னு எழுத இதென்ன கல்யாண வீட்டுப் பந்தியா பாப்பா? கோர்ட்டு பாஷையில எழுதிப் பழகு. குற்றம் சாட்டப்பட்டவரை நாங்க எதிரின்னுதான் எழுதுவோம். குற்றப்பத்திரிகையில பாரு, அப்படித்தான் இருக்கும்."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. போலீஸ், ஜட்ஜ், வக்கீல் எல்லாருமே எதிரி என்றுதான் எழுதுகிறார்கள், திட்டுவதற்காக இல்லை, அங்கே அதுதான் அந்த ஆளுக்குப் பெயர். நான் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, இன்னும் அழகாக, அடியில் கோடு போட்டு எழுதினேன். எதிரி: சாவிக்காரர்.

பள்ளி விடுமுறை என்பதால் அன்றைக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே ஃபேன் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டுத் தட்டும். ஈரக் குடைகளை மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள், அங்கிருந்து தண்ணீர் ஓடி பெஞ்சுக்கு அடியில் தேங்கியிருந்தது. அந்த அக்கா கூண்டில் ஏறினார். ஒரு நல்ல புடவை உடுத்தியிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. அப்பா கட்டைப் பிரித்தார். சீட்டைப் படித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கவுனை ஒரு இழுப்பு இழுத்து முன்னால் போர்த்தினார்.

நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன். நல்ல வக்கீல் கவுனைச் சரியவிட்டுக்கொண்டு எழுவார். இப்படி இழுத்துப் போர்த்துகிறவர் வேறு. சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அரசு வக்கீல்.

திருட்டு நடந்த ராத்திரி என்ன நடந்தது என்று அப்பா முதலில் மரியாதையாகக் கேட்டார். அந்த அக்கா காய்ச்சலையும் ஈரத்துணியையும் சொன்னார். அப்பா தலையாட்டினார். அப்புறம் குரல் இறங்கியது.

"காலையில நாலு மணிக்கு வேலைக்குப் போகணும். முந்தின நாள் முழுக்க நின்னு வேலை பார்த்த அசதி. படுத்ததும் அசந்து தூங்கிட்டீங்க என்று சொன்னால் சரிதானே?"

அந்த அக்கா ஒரு நொடி விழித்தார். அப்புறம் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரிங்கய்யா."

ஜட்ஜ் டைப் அடிக்கிறவர் பக்கம் திரும்பி, நான் அன்றிரவு அசந்து தூங்கிவிட்டேன் என்று சொன்னால் சரிதான், என்று வாய்விட்டுச் சொன்னார். கீபோர்டு சத்தம் கேட்டது.

"தூங்கறவங்களுக்குப் பக்கத்துல யார் எழுந்து போனா, யார் திரும்பி வந்தான்னு தெரியாது."

"சரிங்கய்யா."

"உங்க வீட்டுக்காரர் கையில எந்தப் பூட்டும் நிக்காது. அது உங்களுக்கும் தெரியும்."

இதற்கு அந்த அக்கா பெருமையாகவே சொன்னார். "சரிங்கய்யா."

"அவரைக் காப்பாத்தணும்னுதான் இன்னைக்குக் கூண்டுல ஏறியிருக்கீங்க என்று சொன்னால் சரிதானே?"

"சரிங்கய்யா. அதுக்குத்தானேங்கய்யா வந்தேன்."

ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, இது உங்கள் தரப்பு சாட்சிதானே என்று கேட்டார். அப்பா நிமிர்ந்தபடியே, நான் முடித்ததும் உங்களுக்கே புரியும் என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த இளம் வக்கீல்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பெரியவர் ஏதோ பெரிய கணக்கு வைத்திருக்கிறார் என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. அவ்வளவு பெரிய பெயர் அவருக்கு. நடப்பது தப்பாக இருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவே இல்லை. குமாஸ்தா மாமா மட்டும் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து கத்தியிருக்கலாம். எழவில்லை.

எட்டுக் கேள்வி. எட்டு சரி. அப்பா உட்கார்ந்தார். அரசு வக்கீல், ஒரு காலத்தில் அப்பாவிடமே தொழில் கற்றவர், பாதி எழுந்து, எனக்குக் கேள்வி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குற்றவாளிக் கூண்டில் நின்ற சாவிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் அந்த அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். உள்ளங்கையெல்லாம் வேர்வை.

"எல்லாத்துக்கும் சரியா சொன்னேனா கண்ணு? அந்த இன்னொரு வக்கீல் ஒண்ணுமே கேக்கலையே. நல்லதுதானே?"

"நல்லா சொன்னீங்கக்கா," என்றேன்.

அதை நான்தான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் அம்மாவும் குமாஸ்தா மாமாவும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அப்பா கூடத்தில் ரொம்ப சந்தோஷமாக இருந்தார், நல்ல கேஸ் நடத்திய நாளில் இருப்பது போல. நான் முட்டைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அழுதது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாய்தா வரும் திங்கட்கிழமை. இரண்டு பக்கமும் வாதம் பேசினால் பிறகு தீர்ப்புதான். ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம் என்றார் மாமா. வழி இருக்கிறதா என்று கேட்டேன். சாட்சியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மனு போடலாமாம். ஆனால் எதற்காக என்று காரணம் எழுத வேண்டும்.

அம்மா கத்தியை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "என்ன காரணம் எழுதுவ? எழுதினா, ரெண்டு வருஷமா அவர் நடத்தின கேஸுல உள்ள போனவங்க அத்தனை பேரும் நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. பள்ளிக்கூடத்துப் பொண்ணு எழுதின சீட்டைப் பார்த்துக் கேஸ் நடத்தினாருன்னு ஊரே பேசும். உன்னையும் கூண்டுல ஏத்துவாங்க. நிஜக் கூண்டுல." முட்டையை உடைத்து ஊற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, அந்தப் பொண்ணு முகத்தை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது என்றாள்.

மாமா கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னார். "எதிரின்னு எழுதச் சொன்னது நான். தூக்கம் வரப்போறதில்ல. சார் கையெழுத்துப் போட்டு ஒரு மனு இருந்தா நான் கொண்டுபோய் தாக்கல் பண்றேன், என்ன வந்தாலும் வரட்டும். கையெழுத்து இல்லாம என்னைக் கொன்னாலும் மாட்டேன்."

நாலு நாள் போனது. கேட்டிலிருந்து கம்பம் வரை ஒருநாள், பூதக்கண்ணாடி ஒருநாள், போலீஸ் கட்டு இரண்டு நாள். நல்ல வக்கீல் வரட்டும் என்று நான் எதையும் கேட்கவில்லை. தினமும் மார்க்கெட்டுப் பக்கமாகப் போக வேண்டிய வேலையை ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்த்தேன், சாவிக்காரர் கூடையோடு எதிரே வந்துவிடுவாரோ என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா மூக்குக்குள் ராகம் இழுத்தார்.

மத்தியானம் அம்மா காய்கறி வாங்கப் போனாள், மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே எங்கோ ஒதுங்கிவிட்டாள். வீட்டுக்குள் கொடி கட்டியது போதாமல் மற்ற நாற்காலி எல்லாவற்றிலும் ஈரத்துணி காய்ந்தது. அப்பா உட்கார இடம் பார்த்து, கடைசியில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குமாஸ்தா மாமா வாங்கி வந்திருந்த சாட்சியத்தின் நகலை எடுத்து அவர்முன் வைத்தேன். முதல் பக்கத்தை மட்டும் என்னிடமே வைத்துக்கொண்டேன், பெயரெல்லாம் அதில்தான் இருக்கும்.

அப்பா பேனாவை எடுத்துக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"யாருடா இந்த வக்கீல்? பின்னியிருக்கான். எட்டே கேள்வி, அந்தம்மாவுக்கு ஓடறதுக்கு இடமே வைக்கல." இன்னொரு தடவை படித்தார். அப்புறம் பேனா நின்றது. "ஆனா ஏன் இது எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டே இருக்கு? யாரோ சொல்லி அனுப்பின மாதிரி." பக்கத்தைத் திருப்பினார், திரும்ப வந்தார். "எதிரிக்கு வக்கீல் யாரு? ஒரு தடவைகூட எழுந்திருக்கலையே. ஆட்சேபணைன்னு ஒரு வார்த்தை இல்ல. உக்காந்து தூங்கினானா அவன்?"

முதல் பக்கத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இப்போது என்ன செய்ய முடியும் என்று மட்டும் கேட்டேன்.

"மனு போடணும். அப்படியே விட்டா எதிரி பாவம், உள்ள போயிடுவான். எடு பேப்பரை."

சொல்லச் சொல்ல எழுதினேன். எந்தப் பிரிவு, எந்தக் கோர்ட், எந்த வாசகம், ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. மேற்படி சாட்சியை மீண்டும் அழைக்க அனுமதிக்காவிட்டால் எதிரிக்கு ஈடு செய்ய முடியாத பாதிப்பு ஏற்படும். கமா எங்கே வரவேண்டும் என்றுகூடச் சொன்னார். காரணம் எழுத வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினார்.

"இதை எதிரிக்கு நின்ன அந்த வக்கீல்தான் சொல்லணும். அவன் வாயால. வேற யார் சொன்னாலும் நிக்காது. அவனைக் கூட்டிட்டு வரச் சொல்லு."

பேப்பரை மேஜையில் வைத்தேன். அவர் உட்கார்ந்திருந்தது கூண்டில். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்த வக்கீல் நீங்கதான் என்று சொன்னால் சரிதானேப்பா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். கேஸ் கட்டை எடுத்து முன்னால் வைத்தேன். சாவிக்காரர் சார்பில் ஆஜராவதாக அவர் போட்ட கையெழுத்து அதில் இருந்தது. அப்பா அதை யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டது போலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சீட்டையும் காட்டினேன். என் எழுத்து, அடியில் கோடு. நான்தான் இப்படி எழுதினேன், எப்போதும் நம்ம ஆள் என்றுதான் எழுதுவேன், அன்றைக்கு மாற்றிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ஒருதடவை வாய்க்குள் படித்தார். எதிரி. ஃபிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தேன். இடது கட்டைவிரல் தரையோடு மடங்கியது. நெடுநேரம் அப்படியே இருந்தது. அப்புறம் மெதுவாக நிமிர்ந்தது.

"சரி," என்றார்.

அந்த அக்கா சொன்ன அதே குரலில்.

பிறகு அவரே சொன்னார், நான் எழுதினேன். எதிரி தரப்பு வழக்கறிஞராகிய எனக்கு, நான் யாருக்காக நிற்கிறேன் என்பது சில காலமாக மறந்துபோகிறது. நான் எழுதாமல் நின்றபோது, எழுது என்றார். சாட்சிக்குச் சரி என்று மட்டும் சொல்லச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்பதையும் எழுதச் சொன்னார். சீட்டைப் பற்றியும் எழுதவா என்று கேட்டேன்.

"சீட்டா? அது எதுக்கு."

"நான்தானேப்பா எழுதினேன்."

"படிச்சது நான்."

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமலே கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "நாளைக்குக் காலையில எந்த வக்கீல் எழுந்திருச்சிருக்கார்னு உங்கம்மா கேப்பாளே, எனக்கும் காது கேக்கும்டா. யார் எழுந்திருப்பான்னு எனக்கே தெரியாது. அவன் வந்து இதைக் கேட்டா குடுத்துடாத."

மனுவை மடித்து என் அட்லஸுக்குள் வைத்தேன். அம்மா நனைந்து வந்தாள். மேஜைமேல் திறந்து கிடந்த பேனாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேனாவை மூடி அதன் இடத்தில் வைத்துவிட்டுக் காய்கறியைக் கொட்டினாள்.

இன்று காலையில் மழை விட்டிருந்தது. குமாஸ்தா மாமா கேட்டுக்கு வெளியே, மூடிய குடையோடு நின்றிருந்தார். மனு என் பைக்குள் இருந்தது. அப்பா அறையிலிருந்து அலமாரியைத் திறக்கிற சத்தமும் இழுப்பறையை இழுக்கிற சத்தமும் வந்துகொண்டே இருந்தது, எதையோ தேடுகிறார், எதை என்று அவருக்குத் தெரியவில்லை. ராகம் இல்லை, போலீஸ் கட்டைக் கேட்கவில்லை, வாசலுக்கும் போகவில்லை. அம்மா எட்டிப் பார்த்தாள். எந்த விரலைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வாசல் நிலையைத் தாண்டப் போனேன். அப்பா அறையிலிருந்தே கூப்பிட்டார், உள்ளே வரச் சொன்னார். வாசலில் பாதி மாட்டிய ஷூவைக் கழற்றக் குனிந்தேன். எங்கள் வீட்டில் செருப்போ ஷூவோ அடுப்படிப் பக்கம் வந்தால் அம்மா சும்மா விடமாட்டாள்.

"கழட்டாத," என்றாள் அம்மா. முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நல்லா லேஸைக் கட்டிக்கிட்டு உள்ள போ."

கட்டிக்கொண்டு போனேன், அப்பா கவுனோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்து நின்றிருந்தார். கூண்டு நாற்காலியில் காய்ந்த துணி எதுவும் இல்லை. அப்பா அதைக் கண்ணால் காட்டினார், உட்கார்ந்தேன். பை மடியில் இருந்தது. அவர் கவுனை முன்னால் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நேத்து இந்த மேஜையில என்கிட்ட ஏதோ ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கின. அது இப்ப உன்கிட்ட இருக்கு என்று சொன்னால் சரிதானே?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"சரியல்ல."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஷூவுக்குள்ளே என் விரல் பத்தும் மடங்கி, நகம் தோலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"சரி, போ," என்றார்.